நியூட்ரலில் போட்டால் போதாது

“நியூட்ரல்ல போட்டு மாட்டிவிடுங்க, எந்த வண்டியும் பின்னாலயே வந்துடும்.” மோட்டார்ஹோம் வாங்கிவிட்டு, பின்னால் இழுத்துப்போக ஒரு சின்ன எஸ்யூவி தேடுகிறவர்களின் காதில் இந்தப் பேச்சு விழாமல் போவதில்லை. குளிர்காலத்தில் அரிசோனாவின் குவார்ட்ஸ்சைட்டில் வந்து குவிகிற ஆர்.வி.க்காரர்கள் சொல்கிறார்கள், பழைய கார் விற்கிறவர் சொல்கிறார், ஓய்வுபெற்று அமெரிக்காவைச் சுற்றக் கிளம்பும் நம் குடும்பங்களும் சொல்ல ஆரம்பித்துவிட்டன. தானியங்கி கியர்பெட்டிகளைப் பிரித்து மாட்டுவது என் பிழைப்பு. இந்தப் பேச்சை நம்பிக் கெட்ட பெட்டிகள் என் மேசைக்கு வந்தவண்ணம் இருக்கின்றன. பச்சைப் பொய் இது.

சின்ன வண்டி தேவைதான், அதில் சந்தேகமில்லை. மொன்டானாவின் க்ளேசியர் பூங்காவில் கோயிங்-டு-த-சன் சாலையின் மலைப்பகுதிக்குள் 21 அடிக்கு மேல் நீளமான வண்டியை விடமாட்டார்கள். ஆனால் எந்த வண்டி என்பதில்தான் ஆயிரக்கணக்கான டாலர் அடங்கியிருக்கிறது.

வழக்கமான தானியங்கி கியர்பெட்டிக்குள் எண்ணெயைச் சுற்றவிடும் பம்ப், எஞ்சின் ஓடினால்தான் ஓடும். எஞ்சினை அணைத்து நியூட்ரலில் போட்டு, நாலு சக்கரமும் தரையில் உருள இழுத்தால் எஞ்சினோடு உள்ள தொடர்புதான் அறும். சக்கரத்துக்கும் கியர்பெட்டியின் வெளித்தண்டுக்கும் உள்ள தொடர்பு அப்படியே இருக்கும். சக்கரம் உருள உருள உள்ளே தண்டும் பல்சக்கரங்களும் சுழன்றுகொண்டே இருக்கின்றன. எண்ணெயோ அடித்தட்டில் தேங்கிக் கிடக்கிறது. இப்படி நெடுஞ்சாலையில் மணிக்கணக்காகப் போன பெட்டியின் அடித்தட்டைக் கழற்றினால், சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் டிக்காஷன் நிறத்தில் வழியும். தீய்ந்த நாற்றம் அடிக்கும். தட்டில் இருக்கும் காந்தத்தை விரலால் வழித்தால் இரும்புத்தூள் கரும்பசையாக ஒட்டிக்கொண்டு வரும்.

கியர் படிகள் இல்லாமல் கப்பிகளால் இயங்கும் சிவிடி வகைத் தானியங்கி இன்னும் மோசம். கப்பிகளுக்கு நடுவே ஓடும் எஃகுப் பட்டையை இறுக்கிப் பிடிப்பது எண்ணெய் அழுத்தம். பல சிவிடிகளில் நியூட்ரலில் இருந்தாலும் சக்கரம் அந்தக் கப்பிகளைச் சுழற்றும். அழுத்தம் இல்லாதபோது பட்டை வழுக்கி, கப்பியின் முகத்தைக் கீறிவிடும். அதற்கப்புறம் அந்தப் பெட்டியில் பழுது பார்க்க ஒன்றும் இருக்காது.

“எங்க அண்ணன் சிஆர்-வியை யெல்லோஸ்டோன் வரைக்கும் இழுத்துட்டுப் போனாரே” என்பார்கள். போயிருப்பார். ஹோண்டா சிஆர்-வி 2014 மாடல் வரை ஐந்து கியர் தானியங்கிப் பெட்டியோடு வந்தது. இழுக்க ஹோண்டாவே அனுமதித்தது. அதுவும் சும்மா நியூட்ரலில் தட்டிவிட்டு அல்ல. எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு எல்லா நிலைக்கும் கியரை ஒருமுறை கொண்டுபோய், டி-யிலிருந்து நியூட்ரலுக்கு வந்து, 3 நிமிடம் ஓடவிட்ட பிறகே அணைக்க வேண்டும். மணிக்கு 65 மைலைத் தாண்டக்கூடாது. ஒரே நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் மறுபடி முதலிலிருந்து. 2015 மாடலில் ஏறக்குறைய அதே உடம்புக்குள் சிவிடி வந்தது, அனுமதியும் போயிற்று. பழைய கார் கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். அண்ணன் பேச்சைக் கேட்டு 2015-ஐ எடுத்தவர்தான் என்னிடம் வருகிறார்.

இன்னொன்றையும் கேளுங்கள். இழுப்பதற்கென்றே பலரும் வாங்கும் ஜீப் ராங்ளரில், தானியங்கி வண்டி என்றால், இழுக்கும்போது கியர் இருக்க வேண்டியது பார்க்கிங்கில்! நியூட்ரலுக்குப் போவது, அதன் பின்னால் இருந்து முன்பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ். அங்கேயே தொடர்பு அறுவதால் சக்கரத்தின் சுழற்சி கியர்பெட்டியை எட்டுவதில்லை. அதற்காக ஜீப் என்ற பெயரைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். 2014 மாடலாக வந்த செரோக்கியின் நாலுசக்கர இயக்க வகைகளில் ஆக்டிவ் டிரைவ் 2, ஆக்டிவ் டிரைவ் லாக் ஆகியவற்றை இழுக்கலாம். ஆக்டிவ் டிரைவ் 1 கூடவே கூடாது. வெளியே நின்று பார்த்தால் மூன்றும் ஒரே செரோக்கி. விற்பவர் வாயைப் பார்க்காமல், அந்த வருடத்துக்கான கையேட்டில் ‘ரெக்ரியேஷனல் டோயிங்’ பகுதியைப் பிரித்துப் படியுங்கள். வண்டி நின்றுபோனால் இழுப்பது பற்றிய பகுதி வேறு. அதில் சில வண்டிகளுக்குக் குறைந்த தூரம், குறைந்த வேகம் என்று கொடுக்கும் சலுகையைத்தான் நம் ஆட்கள் ஆயிரம் மைலுக்கு நீட்டிக்கொள்கிறார்கள்.

மற்றக் கதைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை.

முன்சக்கரங்களை மட்டும் டாலி என்கிற சின்ன இழுவண்டியில் ஏற்றினால் எந்த வண்டிக்கும் சரி என்பது தவறு. முன்சக்கர இயக்க வண்டிக்குச் சரி. ஆல் வீல் டிரைவ் வண்டியில் பின்சக்கரம் உருண்டு இணைப்புகளைக் கெடுக்கும். எலெக்ட்ரிக் காரில் கியரே இல்லையே என்று டெஸ்லாவை மாட்டப் பார்க்கிறார்கள்; அதை நாலு சக்கரமும் தரையில் படாமல்தான் ஏற்றிப்போக வேண்டும். நாலு சக்கரமும் தரையில் உருள மாட்டிய வண்டியோடு ரிவர்ஸ் எடுக்கவும் முடியாது. முன்சக்கரம் தன்பாட்டுக்குத் திரும்பி இழுவைக்கம்பி வளையும்.

கொக்கியில் 5,000 பவுண்டு என்று எழுதியிருந்தால் போதாது. இரண்டு வண்டியும் சேர்ந்து 30,000 பவுண்டு என்பது சேசிஸின் வரம்பாக இருந்து, தண்ணீரும் சாமானும் ஏற்றிய மோட்டார்ஹோமே 26,000 இருந்தால் மிச்சம் 4,000 தான். நாலு கதவு ராங்ளர் அதற்குள் அடங்காது.

சின்ன வண்டிக்குத் தனி பிரேக் எதற்கு என்று கேட்பவரிடம் எனக்குப் பொறுமையே இல்லை. 3,000 பவுண்டுக்கு மேல் இழுத்தால் பிரேக் கட்டாயம் என்று பல மாநிலங்களில் சட்டமே இருக்கிறது. மலையிறக்கத்தில் பின்னாலிருந்து தள்ளும் அந்த எடையையும் மோட்டார்ஹோமின் பிரேக்கே தாங்கட்டும் என்று விடுவது, முன்னால் போகிறவனின் உயிரோடு விளையாடுவது.

என்னைக் கேட்டால் மேனுவல் கியர் வாங்குங்கள். பெரும்பாலான மேனுவல் பெட்டிகளுக்குப் பம்ப் தேவையில்லை, சுழலும் பல்சக்கரமே எண்ணெயை வாரி இறைத்துக்கொள்ளும். அதற்கும் கையேட்டின் அனுமதி வேண்டும். ஆனால் அனுமதி கிடைக்கும் வாய்ப்பு இதில் அதிகம். வாங்க ஆளில்லை என்று ஒவ்வொன்றாக நிறுத்துகிறார்கள். சுபாரு கிராஸ்ட்ரெக்கில் மேனுவல் 2023 மாடலோடு போய்விட்டது. நிறுத்தப்பட்டவற்றில் நல்ல நிலையில் ஒன்று கண்ணில் பட்டால் விலை பேசுங்கள். கிளட்ச் மிதிக்கக் கால் வலிக்கும் என்று வீட்டில் சொன்னால், இழுத்துப்போகும் நேரத்தில் அந்தக் கிளட்சை யாரும் மிதிக்கப் போவதில்லை என்று சொல்லுங்கள்.