கடை வண்டியின் கிரவுன் ஆயில்: நாமே மாற்றும் முறை

மண்டிக்கும் கடைக்கும் சரக்கு ஏற்றி இறக்க நம்மில் பலர் டாடா ஏஸ், பொலேரோ பிக்கப் போன்ற வண்டிகளை வைத்திருக்கிறோம். 2019-இல் உற்பத்தி நின்றுபோன ஆம்னியும் பல கடைகளில் இன்னும் உழைக்கிறது. இவை எல்லாம் பின்சக்கரத்தால் ஓடுபவை. இன்ஜின் ஆயிலைத் தவறாமல் மாற்றுகிறோம். பின் அச்சின் நடுவே உருண்டையாக இருக்கும் டிஃபரன்ஷியலைத்தான் மறந்துவிடுகிறோம். அதில் உள்ளதையே மெக்கானிக்குகள் கிரவுன் ஆயில் என்கிறார்கள்.

வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். உள்பக்கச் சக்கரம் குறைவாக ஓட வேண்டும். அதற்கு இடம் கொடுப்பவை இப்பெட்டியில் உள்ள பற்சக்கரங்கள். மூட்டைகளை இழுக்கும் விசை முழுவதும் இப்பற்கள் வழியே செல்கிறது. இவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி உரசுவதால் சாதாரண எண்ணெய்ப் படலம் தாங்காது. அதற்காகவே கந்தகக் கூட்டுப்பொருள் சேர்த்த கியர் ஆயில் தேவைப்படுகிறது. மூக்கைத் துளைக்கும் வாடையும் அதனால்தான்.

டின்னில் ஜிஎல்-5 என்பது தரத்தையும், 80டபிள்யூ-90 போன்ற எண் கெட்டித்தன்மையையும் குறிக்கும். எது தேவை, எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பதை வண்டியின் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். கையில் இருக்கிறதே என்று இன்ஜின் ஆயிலை ஊற்றக் கூடாது. உத்தரவாதக் காலம் முடியாத வண்டியைக் கம்பெனி சர்வீஸுக்கே விடுவது நல்லது.

செய்முறை வருமாறு:

1. வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி வந்தால் எண்ணெய் இளகும். சரக்கை இறக்கி, சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைக்க வேண்டும். தூக்க நேர்ந்தால் உறுதியான ஸ்டாண்டு அவசியம். ஜாக்கியை மட்டுமோ, அடுக்கிய செங்கல்லையோ நம்பி அடியில் போகவே கூடாது.

2. முதலில் மேலே உள்ள நிரப்பும் பிளக்கைக் கழற்ற வேண்டும். இதுவே முக்கியமான பாடம். கீழ்ப் பிளக்கைத் திறந்து வடித்த பிறகு மேல் பிளக் துருப்பிடித்து அசையாவிட்டால், எண்ணெய் இல்லாத வண்டியை ஓட்டவும் முடியாது, நிரப்பவும் முடியாது.

3. பிறகு தட்டு வைத்துக் கீழ்ப் பிளக்கைத் திறந்து முழுவதும் வடிய விட வேண்டும். வடிந்ததைக் கவனியுங்கள். பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருப்பது இயல்பான தேய்மானம். இரும்புத் துண்டு வந்தால் பல் உடைந்திருக்கலாம். எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வெள்ளத்தில் அச்சு மூழ்கிய வண்டிக்குத் தவணை பாராமல் இதைச் சோதிக்க வேண்டும்.

4. பிளக்கைத் துடைத்து, புதிய வாஷர் போட்டு முடுக்கி, மேல் துளை வழியாகக் குழாயாலோ கைப்பம்பாலோ நிரப்ப வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் துளையின் கீழ் விளிம்பில் எண்ணெய் வழியத் தொடங்குவதே சரியான அளவு. வண்டி சாய்ந்திருந்தால் இந்த அளவு பொய்யாகும்.

இங்கே தராசு நியாயம்தான். குறைந்தால் பல் காயும். மிகுந்தால் எண்ணெய் சீல் வழியே கசிந்து பின்சக்கர பிரேக் கட்டையை நனைக்கலாம். சரக்கோடு இறக்கத்தில் வரும்போது பிரேக் பிடிக்காவிட்டால் நஷ்டம் பணத்தோடு நிற்காது. எனவே மறுநாள் பிளக் ஓரங்களையும் சக்கரங்களின் உள்பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

நம் தொழிலுக்கென்றே இன்னொரு எச்சரிக்கை உண்டு. நம் கடைகளில் காலி எண்ணெய் டின்னுக்குப் பஞ்சமில்லை. வடித்த ஆயிலை அதில் பிடித்து வைக்கவே கூடாது. சமையல் எண்ணெயும் இயந்திர எண்ணெயும் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1959-இல் மொராக்கோவின் மெக்னெஸ் நகரம் சாட்சி. விமான இன்ஜின் எண்ணெய் கலந்த சமையல் எண்ணெயை உண்ட சுமார் 10,000 பேர் கை கால் முடங்கினார்கள். அங்கே கலந்தது லாபத்துக்காக. ஆனால் அடையாளமில்லாத ஒரு டின் கைமாறினால், உண்பவருக்கு இரண்டும் ஒன்றே. கழிவு ஆயிலுக்குத் தனி கேன் வைத்து, பெரிதாக எழுதி ஒட்டி, சரக்கு அறைக்கு வெளியே வையுங்கள். அது அபாயக் கழிவாதலால் சாக்கடையில் கொட்டாமல், கழிவு ஆயிலை முறையாகச் சேகரிக்கும் சர்வீஸ் நிலையத்தில் ஒப்படையுங்கள். கையைச் சோப்பிட்டுக் கழுவி, உடை மாற்றிய பிறகே அரிசியையும் பருப்பையும் தொடுங்கள்.

தேதியையும் கிலோமீட்டரையும் கணக்கு நோட்டில் குறித்து வையுங்கள். வண்டி ஓடினால்தான் நம் வியாபாரம் ஓடும்.