கல்யாண வீடியோ டிவியில் ஏன் திக்குகிறது?

இந்த முறை அறிவியல் மூலையில் நான் எழுதும் பாடம் நம் புத்தகத்தில் இல்லை. ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று நம்ம பக்கத்தில் பல வீடுகளில் நடக்கும் விஷயம்தான்.

பென் டிரைவில் வீட்டு வீடியோவைப் போட்டு டிவி பாக்ஸில் சொருகுகிறோம். சத்தம் ஓடும், படம் நின்று நின்று வரும். இல்லையென்றால் படம் ஓடும், சத்தம் வராது. சில ஃபைல்கள் பட்டியலிலேயே தெரியாது. அதே வீடியோ போனில் ஜம்முனு ஓடும். உடனே வீட்டில், "பாக்ஸ் டூப்ளிகேட்டு, ஏமாத்திட்டான்" என்று பேச்சு வரும். பெரும்பாலும் பாக்ஸ் மேல் தப்பு இருக்காது.

முதலில் ஒரு கணக்கு போடுவோம். ஃபுல் எச்டி படம் ஒன்றில் 1920 × 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று 3 பைட். நொடிக்கு 25 படம். பெருக்கிப் பாருங்கள்: நொடிக்கு 15 கோடியே 55 லட்சம் பைட்டுக்கு மேல் வரும், அதாவது 155 எம்பி! 16 ஜிபி பென் டிரைவ் இரண்டு நிமிஷம் கூடத் தாங்காது. அதனால்தான் வீடியோவைச் சுருக்கி வைக்கிறார்கள். முழுப் படத்தை அவ்வப்போது மட்டும் எழுதிவிட்டு, நடுவில் வரும் படங்களில் எது மாறியதோ அதை மட்டும் குறித்துக்கொள்வார்கள். மணமேடைக்குப் பின்னால் உள்ள திரை அசையாமல் இருந்தால் அதை ஒவ்வொரு முறையும் எழுதத் தேவையில்லை. மாப்பிள்ளை கை அசைந்தால் அதை மட்டும் எழுதினால் போதும்.

இப்படிச் சுருக்கியதை விரித்துக் காட்டுவதுதான் டிவி பாக்ஸின் வேலை. அதற்கென்று அதன் சிப்பில் தனிச் சுற்று இருக்கிறது. அந்தச் சுற்றுக்கு எந்தெந்த முறை தெரியும் என்பது தயாரிக்கும்போதே முடிவாகிவிடும். 2003-ல் வந்த எச்.264 முறை ஏறக்குறைய எல்லா பாக்ஸுக்கும் தெரியும். 2013-ல் வந்த எச்.265 புதிய பாக்ஸ்களுக்குத் தெரியும், பழசுக்குத் தெரியாது. தெரியாத முறையில் வீடியோ வந்தால், பாக்ஸின் பொதுவான பிராசஸர் தானே விரித்துப் பார்க்க முயற்சி செய்யும். அதற்கு அவ்வளவு வேகம் கிடையாது, மூச்சு வாங்கும். சத்தத்தை விரிப்பது சின்ன வேலை என்பதால் அது மட்டும் ஒழுங்காக வரும். திக்குவதற்கு முக்கியக் காரணம் இதுதான். ஐபோனில் 2017 முதல் எச்.265-ல் பதிவாகும் வசதி உண்டு. துபாயிலிருந்து மாமா அனுப்பும் வீடியோ நம் பழைய பாக்ஸில் ஏன் நிற்கிறது என்று இப்போது புரிகிறதா?

இங்கே நிறைய பேர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. "எம்பி4 ஃபைல்தானே, ஏன் ஓடவில்லை?" எம்பி4 என்பது வெறும் உறை. நம்ம ஊர் பிரியாணிப் பார்சலை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரே மாதிரி கவர்தான், உள்ளே மட்டனா சிக்கனா என்று பிரித்தால்தான் தெரியும். எம்பி4, எம்கேவி, ஏவிஐ எல்லாம் கவர்கள். உள்ளே இருப்பது எச்.264-ஆக இருக்கலாம், எச்.265-ஆக இருக்கலாம்.

எனவே மாற்றுவதற்கு முன் பிரித்துப் பார்க்க வேண்டும். விஎல்சி பிளேயரில் வீடியோவை ஓடவிட்டு கன்ட்ரோல், ஜே இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். எந்த முறை, எத்தனை புள்ளி, நொடிக்கு எத்தனை படம், சத்தம் எந்த வகை, எல்லாம் வந்துவிடும். உள்ளே எச்.264 இருந்து, கவர் மட்டும் பாக்ஸுக்குப் பிடிக்கவில்லை என்றால் முழு வீடியோவையும் மாற்றத் தேவையே இல்லை. அவிடெமக்ஸ் என்ற இலவச மென்பொருளில் படம், சத்தம் இரண்டுக்கும் 'காப்பி' வைத்து, கவரை எம்பி4 என்று தேர்வு செய்து சேமித்தால் சில நிமிஷத்தில் முடியும். தரம் துளி கூடக் குறையாது. படம் வந்து சத்தம் வராத ஃபைலுக்குப் படத்தைக் 'காப்பி'யிலேயே விட்டுவிட்டு, சத்தத்தை மட்டும் ஏஏசி-க்கு மாற்றினால் போதும்.

உள்ளே இருப்பதே பிடிக்கவில்லை என்றால்தான் பெரிய வேலை. ஹேண்ட்பிரேக் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் எம்பி4 கவர், எச்.264, லெவல் 4.0, ஏஏசி சத்தம் என்று வையுங்கள். தரத்துக்கு ஒரு தள்ளுகோல் இருக்கும், 20 முதல் 22 வரை போதும் (எண் குறைந்தால் தரம் கூடும், தலைகீழ்!). போனில் எடுத்த வீடியோவில் வெளிச்சம் குறையும்போது நொடிக்கான படங்களின் எண்ணிக்கை மாறும். உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் போவதற்கு இது ஒரு காரணம். அதனால் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' என்பதை டிக் செய்யுங்கள். நொடிக்கு 60 படம் என்று எடுத்திருந்தால் 30 ஆக்குங்கள். 4கே என்றால் 1080-க்கு இறக்குங்கள். அக்கா அண்ணன்களுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப்பிலும் இந்த வேலை நடக்கும், மெதுவாக. ஒரு மணி நேர வீடியோவுக்கு இரண்டு மூன்று மணி நேரம் பிடித்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். பேட்டரி போன லேப்டாப் என்றால் கரண்ட் கட் ஆனதும் மறுபடி முதலிலிருந்துதான். துண்டு துண்டாக மாற்றுவது புத்திசாலித்தனம்.

இனி பழைய சிடி. எங்கள் வீட்டில் 2004-ல் நடந்த சித்தப்பா கல்யாண விசிடி இருக்கிறது. தாத்தா பேசுகிற சத்தம் அதில் மட்டும்தான் இருக்கிறது, அவர் இப்போது இல்லை. இப்படி ஒரு சிடி உங்கள் வீட்டு பீரோவிலும் இருக்கும். அதில் கீறல் கூடுவதற்குள் லேப்டாப்பில் ஏற்றிவிடுங்கள். விசிடியில் படம் 352 × 288 புள்ளிதான், எம்பெக்-1 முறை. அதை 1080-க்குப் பெரிதாக்கினால் ஃபைல்தான் பெருக்கும், முகம் தெளியாது. பெரிதாக்கும் வேலையை டிவியே செய்யட்டும். டிவிடியாக இருந்தால் 720 × 576. அதில் ஒரு படத்தை ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டு பாதியாகப் பதிந்திருப்பார்கள், பழைய டியூப் டிவிக்காக. இப்போதைய டிவியில் கை வீசினால் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி தெரியும். ஹேண்ட்பிரேக்கில் 'டீஇன்டர்லேஸ்' போட்டால் சரியாகும்.

அப்புறம், அந்தக் காலப் படத்தின் அகலம், உயரம் பெரும்பாலும் 4-க்கு 3. இப்போதைய டிவி 16-க்கு 9. "ரெண்டு பக்கமும் கறுப்பா இருக்கே" என்று இழுத்து நிரப்பாதீர்கள். ஒல்லியாக இருந்த பெரியம்மா கூட குண்டாகிவிடுவார்! 2006 செப்டம்பரில் தொடங்கிய அரசின் இலவசக் கலர் டிவி இன்னும் யார் வீட்டிலாவது ஓடினால், அதுவும் 4-க்கு 3 தான். அதில் இந்தப் படம் கச்சிதமாக உட்காரும்.

எங்க அப்பா டேனரியில் ஷேவிங் மெஷின் ஓட்டுகிறார். 1.2 மில்லிக்குச் சீவிய தோலை மறுபடி 2 மில்லி ஆக்க எந்த மெஷினும் கிடையாது. வீடியோவும் அப்படித்தான். ஒவ்வொரு முறை சுருக்கும்போதும் கொஞ்சம் சீவிப் போகிறது. வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினாலே ஒரு சீவல் ஆகிவிடும். எனவே நிக்காஹ் ஆனாலும் கல்யாணம் ஆனாலும், எடுத்தவரிடம் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். மாற்றிய ஃபைல் டிவியில் நன்றாக ஓடுகிறது என்பதற்காக அசல் ஃபைலை அழிக்காதீர்கள். நாளைக்கு வேறு பாக்ஸ் வாங்கினால் அசலிலிருந்துதான் மறுபடி மாற்ற வேண்டும்.

பென் டிரைவ் பற்றி ஒன்று. ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த டிரைவில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. நொடிக்கு 8 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி, சத்தத்தையும் சேர்த்து அடங்கிவிடும். மூன்று மணி நேரக் கல்யாணத்தை முகூர்த்தம், விருந்து, ஊர்வலம் என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முழுசாக மாற்ற உட்காருவதற்கு முன் இரண்டு நிமிஷத் துண்டை மட்டும் மாற்றி டிவியில் போட்டுப் பாருங்கள். மணமேடையில் எல்லோரும் சும்மா நிற்கிற இடத்தை எடுக்காதீர்கள், அது எப்படியும் ஓடும். பேண்டு செட், சீரியல் லைட், ஆட்டம் எல்லாம் ஒன்றாக வரும் ஊர்வலத்தை எடுங்கள். படத்துக்குப் படம் எல்லாமே மாறுகிற இடம் அது. பாக்ஸ் திக்கினால் அங்கேதான் முதலில் திக்கும்.

— பதினோராம் வகுப்பு, 'ஆ' பிரிவு