தேம்பாவணியில் இல்லறமும் உளநிலைப்பேறும்

முன்னுரை

நற்செய்தி நூல்கள் நான்கிலும் சூசை ஒரு சொல்லும் பேசுவதில்லை. கனவு காண்கிறார், எழுகிறார், மனைவியையும் மகவையும் அழைத்துக்கொண்டு எகிப்து செல்கிறார், மீள்கிறார். மத்தேயுவும் லூக்காவும் தரும் இச்சில குறிப்புகளை வித்தாகக் கொண்டு, பேசாத அம்மனிதரைத் தன்னேரில்லாத் தலைவராக்கி வீரமாமுனிவர் (1680–1747) 1726இல் இயற்றிய பெருங்காப்பியம் தேம்பாவணி. மூன்று காண்டங்கள், 36 படலங்கள், 3615 பாடல்கள் என விரியும் இந்நூல், மிகுதல் என்னும் பொருளுடைய எபிரேயப் பெயரைத் தமிழாக்கித் தலைவனை வளன் என அழைக்கிறது.

கம்பராமாயணம், சீவக சிந்தாமணி ஆகியவற்றின் செல்வாக்கு, வருணனைத் திறன், ஆகிர்தமரியாளின் நூலுக்குக் காப்பியம் கடன்பட்டுள்ள திறம் ஆகியவற்றைத் தேம்பாவணி ஆய்வுகள் பெரிதும் பேசியுள்ளன. தலைவன் ஒரு தச்சன், ஒரு குடும்பத்தைத் தாங்குபவன் என்பதோ கதைச் செய்தி என்ற அளவில் கடந்து செல்லப்படுகிறது. அச்செய்தியே காப்பியத்தின் அறக்கோட்பாட்டைத் தாங்கும் தூண் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். வளனின் இறைப்பற்றும் உள்ளத்தின் நிலைப்பேறும் இல்லத்தைத் துறந்து பெற்றவை அல்ல. இல்லத்தின் இடர்களுக்குள்ளேயே உருவானவை.

இல்லத்துக்குத் திரும்பும் துறவு

பாலமாட்சிப் படலத்தில் இளம் வளன் துறவை விழைந்து கானகம் நாடுகிறான். வானவன் ஒருவன் இடைமறித்து, மக்கள் நடுவே வாழ்ந்து பிறர்க்குப் பயன்படும் வாழ்வின் உயர்வை உணர்த்த, அவன் மீள்கிறான். தமிழ்க் காப்பியங்களில் பழகியவர்க்கு இது தலைகீழான நெறி. சீவகன் எண்மரை மணந்து, நாடாண்டு, இறுதியில் துறக்கிறான். மணிமேகலையின் கதை துறவை நோக்கியே நகர்கிறது. தேம்பாவணியோ துறவு வேட்கையைத் தொடக்கத்திலேயே வைத்து, அதனை வீட்டுவாயிலுக்குத் திருப்பி அனுப்புகிறது. இதனைப் பாடியவர் இயேசு சபைத் துறவி என்பது எண்ணத்தக்கது.

திருமணப் படலத்தை அடுத்து வருவது ஈரறம் பொருத்து படலம். கன்னிமை நோன்பு பூண்ட இருவர் மணத்தால் இணைந்து, அந்நோன்பையும் காத்து வாழத் துணிகின்றனர். இல்லறமும் துறவறமும் அடுத்தடுத்த நிலைகளாக இன்றி ஒரே கூரையின்கீழ் வைக்கப்படுகின்றன. ‘பொருத்து’ என்பது தச்சர் கைக்கும் உரிய சொல். மரத்தோடு மரத்தை இணைப்பவனின் வாழ்வுக்கு இத்தலைப்பு நன்கு இயைகிறது.

இக்கருத்துக்குத் தமிழ் மரபில் வேர் இல்லாமல் இல்லை. உள்ளத்தை நிலைநிறுத்தும் பண்புகளான அடக்கமுடைமையையும் பொறையுடைமையையும் வள்ளுவர் இல்லறவியலில்தான் வைத்தார். அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்த முனிவர் இவ்வைப்புமுறையை அறியாதிருக்க இயலாது. ஆயின் காமத்துப்பாலை அவர் பெயர்க்காது விட்டதையும் மறத்தலாகாது. வளனின் இல்லறத்தில் காமத்துக்கு இடமில்லை. எனவே அதனை எல்லாக் குடும்பங்களுக்குமான நேர்மாதிரியாகக் கொள்வது பொருந்தாது. நேர்மாதிரியாகக் கொள்ளத்தக்கது, இடர் வந்தபோது அவ்வில்லத்தார் நடந்துகொண்ட முறையே.

ஐயமும் ஆறுதலும்

அம்முறை மிகத் தெளிவாக வெளிப்படுவது ஐயந்தோற்று படலத்திலும் ஐயநீங்கு படலத்திலும் ஆகும். மரியாள் கருவுற்றிருப்பதை வளன் காண்கிறான். அவள் கற்பில் அவனுக்கு உறுதி உண்டு. கண்ட காட்சியையும் மறுக்க இயலவில்லை. இரண்டு உண்மைகள் ஒரு நெஞ்சில் மோதுகின்றன. மத்தேயு ஓரிரு வசனங்களில் முடித்த இந்நிலையை முனிவர் ஒரு படலமாக விரிக்கிறார். இறைப்பற்று மிக்கவனுக்கு ஐயம் தோன்றாது என்று அவர் காட்டவில்லை. ஐயமும் பற்றும் ஒருங்கே உறையும் மனத்தையே காட்டுகிறார்.

மோசேயின் சட்டம் பிறழ்ந்த மனைவிக்குக் கடுந்தண்டனை விதித்தது. மத்தேயுவின் சூசை அவளை வெளிப்படையாக இகழ்ச்சிக்கு உள்ளாக்க மனமின்றி, மறைவாக விலக்கிவிட எண்ணுகிறார். இவ்விடத்தில் கம்பராமாயணத்தின் யுத்த காண்டத்தோடு ஒப்பிடுதல் பயன் தரும். அங்குக் கணவனின் கடுஞ்சொல்லுக்கு மனைவி தீயில் இறங்கி விடை தருகிறாள். பலர் அதற்குச் சான்றாகின்றனர். தேம்பாவணியில் சோதனைக்கு உள்ளாவது மனைவியின் உடலன்று, கணவனின் உள்ளம். அவன் குற்றம் சாட்டுவதில்லை, அவையைக் கூட்டுவதில்லை. துன்பம் முழுவதையும் தானே சுமந்து உறங்கப் போகிறான். உறக்கத்தில் வானவன் உண்மையை உரைக்கிறான். கம்பனைக் கற்றுத் தோய்ந்த புலவர் இவ்வேறுபாட்டை அறியாமல் அமைத்திருக்க மாட்டார் எனக் கருதலாம்.

குறையும் உண்டு. விளக்கம் வானவன் வாயிலாக வருகிறதேயன்றி மரியாள் வாயிலாக வரவில்லை. ஐயத்தின் பொருளாகிய பெண் என்ன எண்ணினாள் என்பது வளனின் உளப்போராட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கிவிடுகிறது. பெண்ணிய நோக்கில் இப்படலங்கள் மீள வாசிக்கப்பட வேண்டும்.

ஐயம் நீங்கியதும் வளன் செய்தது யாது? மத்தேயுவின் கூற்றுப்படி, விழித்தெழுந்து மனைவியை ஏற்றுக்கொண்டான். வெளிப்பாடு பெற்றவன் மலையுச்சிக்குச் செல்லவில்லை. நின்றுபோன இல்வாழ்க்கையை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறான்.

ஓயும் கை

எகிப்துப் பயணத்திலும், பன்னிரண்டு வயது மகனை எருசலேமில் தொலைத்து மூன்றாம் நாளில் கண்ட நிகழ்ச்சியிலும் இதே நெறி தொடர்கிறது. அச்சம் உண்டு, அழுகை உண்டு, கடமை தவறுவதில்லை. இவற்றினும் கூர்ந்து நோக்கத்தக்கது இறுதிப் பகுதியில் வரும் பிணி தோற்று படலம். இதுவரை தாங்கியவன் இனித் தாங்கப்பட வேண்டியவனாகிறான். உளியும் வாய்ச்சியும் பிடித்த கை ஓய்கிறது. மனைவியும் மகனும் பணிவிடை செய்கின்றனர். பிறர்க்குப் பயன்படுதலுக்காகக் கானகத்தை விட்டு வந்தவனுக்கு, பயன்படாது கிடக்கும் இந்நிலையே கடைசிச் சோதனை. உழைப்பினால் மட்டும் நிலைபெற்ற உள்ளமாயின் அது இங்கே குலைந்திருக்கும்.

காப்பியத்தின் 36ஆம் படலம் முடிசூட்டு படலம். தாவீதின் வழிவந்தும் மண்ணில் அரியணை ஏறாத தச்சனுக்கு முனிவர் விண்ணில் முடி சூட்டுகிறார். போர்க்களம் கண்ட வெற்றி எதுவும் அதற்கு முன் இல்லை. ஒரு வீடும் அதன் நாள்களுமே உள்ளன.