கையும் உறையும்

'கையுறை' என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் பொருள் வேறு. தலைவன் தலைவிக்குக் கொண்டுசென்று அளிக்கும் தழை, பூ முதலிய பரிசுப் பொருள்களையே நம் முன்னோர் கையுறை என்றனர். இக்காலத்தில் அச்சொல் கையை மூடும் உறையையும் குறிக்கின்றது. மேலைநாட்டு மகளிரின் அணிகலன்களுள் இவ்வுறை பெற்ற சிறப்பையும், அச்சிறப்பு மங்கிய வரலாற்றையும் இங்குக் காண்போம்.

20ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நாகரிக மகளிர் கையுறையின்றி வெளியே செல்லுதல் முறையன்று எனக் கருதப்பட்டது. பகற்பொழுதுக்கு மணிக்கட்டளவில் நிற்கும் குற்றுறை; இரவு விருந்துக்கு முழங்கையைக் கடந்து ஏறும் நெட்டுறை. நீளத்தைப் 'பொத்தான்' கணக்கால் அளந்தனர். ஒரு பொத்தான் ஏறத்தாழ ஓர் அங்குலமாகும். உணவுண்ணும்போது உறையைக் கழற்றிவிடல் வேண்டும் என்பதும் அவர்தம் ஒழுக்க விதிகளுள் ஒன்று.

உயர்ந்த உறைகள் ஆட்டுக்குட்டியின் மெல்லிய தோலால் ஆயவை. பிரான்சு நாட்டுக் கிரெனோபிள் நகரம் இத்தொழிலிற் புகழ்பெற்றது. அந்நகரத்தாராகிய சவியே ஜுவென் என்பவர், 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மக்களின் கைகளை ஆராய்ந்து அளவுகளை வகைப்படுத்தினார். தோலை அவ்வளவுப்படி வெட்டும் கருவியையும் அமைத்தார். அமெரிக்காவில் நியூயார்க்கு மாநிலத்து ஊர் ஒன்று, இத்தொழிலாலேயே 'குளோவர்சுவில்' என்று பெயர் பெற்றது. 'கையுறை செய்வோர் ஊர்' என்பது அதன் பொருள்.

வெள்ளுறை விரைவில் அழுக்கேறும் இயல்பினது. ஆதலின் அதனை நாள்தோறும் மாசின்றி அணிதல், 'இஃது உழைத்துப் பிழைக்கும் கை அன்று' என உலகுக்கு அறிவிப்பது போலாயிற்று. ஆயின், அவ்வுறையைத் தைத்தவர் யாவர்? தத்தம் இல்லங்களில் அமர்ந்து கூலிக்கு ஊசி பிடித்த பெண்கள் பலர். உழைப்பறியாக் கையின் அடையாளமாகிய உறையில், ஒவ்வொரு தையலும் உழைப்பின் அடையாளமன்றோ!

இரண்டாம் உலகப் போருக்குப்பின், துவைத்து அணிதற்கு எளிய நைலான் உறைகள் பெருகின. அலுவலகப் பெண்களும் கடைப் பணிப்பெண்களும் அவற்றை அணிந்தனர். உயர்ந்தோர்க்கே உரியதென எண்ணப்பட்ட அணி யாவர்க்கும் உரியதாயிற்று. 1960ஆம் ஆண்டுகளில் இளைஞர் எளிய உடைகளை விரும்பவே, நாள்தோறும் கையுறை அணியும் வழக்கம் குன்றியது. எனினும், இங்கிலாந்து அரச குடும்பத்து மகளிரிடம் அது நெடுங்காலம் நிலவியது.

1987ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில், அக்குடும்பத்து இளவரசி டயானா, இலண்டன் மிடில்செக்சு மருத்துவமனையில் எய்ட்ஸ் நோயாளர்க்கான பிரிவைத் திறந்துவைத்தார். அந்நோயுடையாரைத் தொட்டாலே நோய் பற்றும் என்று மக்கள் அஞ்சிய காலம் அது. இளவரசியோ, உறையணியாத தம் கையால் நோயாளர் ஒருவரின் கையைப் பற்றிக் குலுக்கினார். தொடுதலால் அந்நோய் பரவாது என்னும் உண்மையை, நூறு சொற்பொழிவினும் அச்செயல் நன்கு விளக்கிற்று.

பழந்தமிழ்ப் பொருளிற் கூறுவதாயின், உறையற்ற அக்கையே அந்நோயாளருக்கு அவர் அளித்த கையுறை.