உள்ளங்கால் கறுப்பும் 'எதிர்ப்பு சக்தி ஊசி'யும்

"நம்ம கறுத்த தோலுக்குத் தோல் புற்றுநோய் வராதுங்க." காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் மட்டுமல்ல, தமிழ்நாடெங்கும் இருக்கிற நம்பிக்கை இது. வெள்ளைக்காரர்களைவிட நமக்கு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் மிகக் குறைவு என்பது சரிதான். ஆனால் வரும்போது அடிக்கடி உள்ளங்காலிலோ நகத்தடியிலோதான் வருகிறது. வெயிலுக்கும் இதற்கும் பெரிய சம்பந்தமில்லை. 1981-ல் இறந்த பாடகர் பாப் மார்லிக்கும் கால் விரல் நகத்தடியில்தான் தொடங்கியது.

நெசவுத் தறிக்குழியில் காலை விட்டு, வெறுங்காலால் ஆயுசுக்கும் மிதித்துக் காய்த்துப்போன பாதத்தில் கறுப்பாக ஒரு திட்டு தெரிந்தால், காய்ப்பு, ரத்தக்கட்டு என்றுதான் அப்பா சொல்வார். அது பரவினாலோ ஓரம் கோணலானாலோ நகத்துக் கறுப்புக் கோடு அகலமானாலோ உடனே காட்ட வேண்டும். "கத்தி பட்டால் பரவிடும்" என்பதும் பொய். பயாப்சியை (சதைத் துணுக்கு எடுத்துச் செய்யும் சோதனையை) தள்ளிப்போட்டால்தான் நோய் பரவ நேரம் கிடைக்கிறது. காட்ட ரொம்பத் தூரம் போக வேண்டாம், அண்ணா பெயரில் காரப்பேட்டையில் புற்றுநோய் மருத்துவமனையே இருக்கிற ஊர் இது.

சரி, சோதனையில் மெலனோமா என்று உறுதியாகி, அப்பாவுக்கு இம்யூனோதெரபி தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். "எதிர்ப்பு சக்தியை ஏத்துற ஊசி" என்று சொந்தக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். பாதிக் குழப்பம் இங்கேதான். நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகள் சக்தியை ஏற்றுவதில்லை. நம் வெள்ளணுக்களைப் புற்றுநோய் பிடித்துவைத்திருக்கும் கடிவாளத்தை அவிழ்த்துவிடுகின்றன. அப்படிக் கடிவாளத்தை அவிழ்த்துப் புற்றுநோயை எதிர்க்கலாம் என்று காட்டிய விஞ்ஞானிகள் ஆலிசனுக்கும் ஹோஞ்சோவுக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கடிவாளம் அவிழ்ந்த வெள்ளணு சில நேரம் குடல், ஈரல், நுரையீரல், தைராய்டு என்று சொந்த உடம்பையே தாக்கும். அதனால்தான் "கூடவே சீந்தில் கஷாயமும் குடிங்க" என்ற யோசனை வேண்டாம் என்கிறேன். சீந்திலே சிலருக்கு ஈரலைக் கெடுத்திருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் ஈரல் நொதிகளின் அளவு ஏறினால், காரணம் ஊசியா கஷாயமா என்று டாக்டர் திணறுவார். வேண்டுதலுக்கு வரதராஜர் கோயில் பல்லிச் சிற்பத்தைத் தொட்டு வருவதில் எனக்குச் சண்டையில்லை. அது ஈரலுக்குள் போவதில்லை.

"கீமோ இல்லை, முடி கொட்டாது, பக்கவிளைவே கிடையாது" என்பது அடுத்த நம்பிக்கை. முடி பெரும்பாலும் கொட்டாதுதான். ஆனால் பக்கவிளைவு உண்டு. வயிற்றுப்போக்கு வந்தால் மோரில் வெந்தயம் போட்டுக் கொடுத்து இரண்டு நாள் பார்ப்பது நம் வழக்கம். இங்கே அது ஆபத்து. குடல் அழற்சி முற்றினால் குடலில் ஓட்டை விழலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும். புது இருமலும் மூச்சுத்திணறலும் அப்படியே. ஸ்டீராய்டு கொடுத்தால் "போட்ட ஊசியெல்லாம் வீண்" என்று பதற வேண்டாம். வெள்ளணு சொந்த உடம்பைத் தாக்குவதை அடக்கும் முதல் மருந்தே அதுதான்.

தோலில் வெண்திட்டு வந்தால் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகக் கூசுகிறார்கள். மெலனோமாவில் அது பல நேரம் மருந்து வேலை செய்வதன் அடையாளம். அது மற்றவர்களுக்கு ஒட்டுவதும் இல்லை.

குணமாகுமா? நிவோலுமாபுடன் இன்னொரு இம்யூனோதெரபி மருந்தையும் சேர்த்துக் கொடுத்த பெரிய ஆய்வில், நோய் பரவியவர்களிலும் ஏறக்குறையப் பாதிப்பேர் 5 ஆண்டுக்குப் பிறகும் உயிரோடிருந்தார்கள். உள்ளங்கால் வகை அந்த அளவுக்கு இணங்குவதில்லை என்பதையும் டாக்டரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள், மருந்துச் செலவுக்கு வீட்டை அடகு வைப்பதற்கு முன்.

இன்னொன்று. ஊசி நின்று பல மாதம் கழித்தும் பக்கவிளைவு வரலாம். தெருமுனை கிளினிக்குக்குக் காய்ச்சல் என்று போனாலும், மருந்தின் பெயர் எழுதிய சீட்டை அப்பா சட்டைப்பையில் வைத்திருக்கட்டும்.