வேர் எங்கே பிறக்க வேண்டும்?

அன்புள்ள தம்பிக்கு,

ஜப்பானின் ஓமியாவில் நீ சேர்ந்திருக்கும் தோட்டத்தில் மேப்பிள் மரங்களைப் பெருக்கும் காரியம் உன் பொறுப்பில் விடப்பட்டிருப்பதாகவும், போன்சாய்க் கலையைக் கற்க வந்தவனுக்கு நாற்றங்கால் வேலைதானா கிடைக்க வேண்டும் என்று உன் மனம் சற்றே சுணங்குவதாகவும் எழுதியிருக்கிறாய். கிளைகளுக்குக் கம்பி சுற்றும் பாக்கியம் எப்போது வாய்க்கும் என்பது உன் ஏக்கம். விண்பதியம் மேலானதா, போத்து நடுவது மேலானதா என்பது உன் கேள்வி. கேள்விக்குச் சரியான விடை கிடைத்துவிட்டால் ஏக்கம் தானே தணியும் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

நீ இருக்கும் ஊரின் சரித்திரத்தையே முதலில் எண்ணிப் பார். 1923ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் தோக்கியோ நகரம் சின்னாபின்னமான பிறகு, அங்கே தொழில் நடத்திவந்த போன்சாய் வளர்ப்போர் புகழ்பெற்ற கடைவீதி எதையும் தேடிப் போகவில்லை. நல்ல நீரும் தூய காற்றும் விசாலமான நிலமும் எங்கே உண்டென்று விசாரித்து, 1925இல் ஓமியாவில் தங்கள் கிராமத்தை அமைத்துக்கொண்டார்கள். மரத்தை உண்டாக்குகிற வேலைதான் மற்ற வேலைகளுக்கெல்லாம் ஆதாரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அந்த ஊரில் இருந்துகொண்டு நாற்றங்காலைத் தாழ்வாக எண்ணுவது உனக்கு அழகன்று.

இன்னொரு காரணமும் உண்டு. 1934இல் தொடங்கிய கொக்குஃபு போன்சாய்க் கண்காட்சி, ஆண்டுதோறும் பிப்ரவரியில், தோக்கியோவின் உவெனோவில் உள்ள கலைக்கூடத்தில் நடைபெறுகிறது. குளிர்காலமாதலால், பைனும் ஜூனிப்பரும் தம் பச்சையோடு வந்து நிற்க, மேப்பிளோ இலைகளை முற்றும் துறந்த கோலத்தில் சபைக்கு வருகிறது. வசந்தத்தின் செந்தளிரும் கார்த்திகையின் சிவப்பும் அப்போது அதற்குத் துணையில்லை. பார்க்க வந்தவரின் பார்வை, கிளை நுனிகளின் நுணுக்கத்தை ஒருமுறை வியந்துவிட்டு, அடிமரம் மண்ணைத் தொடும் இடத்திற்கு இறங்கி அங்கேயே தங்கிவிடுகிறது. வேர்கள் நாற்புறமும் சமமாகப் பரவியிருக்கின்றனவா, ஒட்டுப்போட்ட வடு தெரிகிறதா, ஒரு பக்கம் வேரே இன்றி வெறுமையாயிருக்கிறதா என்பதெல்லாம் அந்த நிர்வாணத்தில் மறைக்க முடியாதவை. உன் ஆசான் நெபாரி என்று சொல்லும் அந்த வேரடியின் லட்சணம், மரம் பெருக்கப்பட்ட நாளிலேயே பெரும்பாலும் நிச்சயமாகிவிடுகிறது. கிளையின் கோணலைக் கம்பி ஓரிரு ஆண்டுகளில் திருத்திவிடும். வேரடியின் கோணலைத் திருத்தவோ, பல வருஷப் பிரயத்தனம் வேண்டும், அல்லது மறுபடியும் பதியமே போட வேண்டும்.

விதையிலிருந்து வளர்க்கலாகாதா என்று நீ கேட்கலாம். யமமோமிஜி போன்ற சாதாரண மலை மேப்பிளுக்கு விதை மிக நல்ல வழியே. ஒவ்வொரு நாற்றும் தனித்தனி இயல்போடு பிறப்பதில் ஓர் அழகும் இருக்கிறது. ஆனால் வசந்தத்தில் குருதிச் சிவப்பாகத் துளிர்க்கும் தெஷோஜோ, சுருண்ட இலைகளையுடைய ஷிஷிகஷிரா, குள்ளமாய்ப் படர்ந்து அடர்ந்து வளரும் கியோஹிமே, வெடித்த பட்டையையுடைய அரகாவா என, நெடுங்காலமாகத் தோட்டக்காரர்கள் பொறுக்கியெடுத்துப் பேணிவந்த ரகங்கள், விதை வழியே தம் குணத்தை நம்பகமாகக் கடத்துவதில்லை. ஆகவே வியாபாரிகள் அவற்றைச் சாதாரண மேப்பிளின் அடிக்கட்டையில் ஒட்டுக் கட்டி விற்கிறார்கள். தோட்டத்து நிழலில் நிற்கும் மரத்துக்கு அதனால் பாதகமில்லை. போன்சாய்க்கோ அது பெருங்குறை. அரகாவாவையே எடுத்துக்கொள். ஒட்டுக்கு மேலே பட்டை முரடாக வெடித்துக்கொண்டு போகும். ஒட்டுக்குக் கீழே வழுவழுப்பாகவே இருக்கும். வயது ஏற ஏற அந்தப் பேதம் அதிகரிக்குமேயன்றிக் குறையாது. தன் சொந்த வேரில் நிற்கும் மரம் வேண்டுமென்றால் பதியமும் போத்துமே கதி.

நம் ஊர்த் தோட்டக்காரர் கொய்யாவுக்கும் எலுமிச்சைக்கும் பதியம் கட்டுவதையும், முருங்கைப் போத்தை வேலியோரத்தில் ஊன்றுவதையும் பார்த்து வளர்ந்தவன் நீ. முறை அதுவே, நோக்கம் வேறு. அங்கே வேர் பிடித்தால் போதும், காலம் வந்தால் காய்த்துவிடும். இங்கே வேர் பிடிப்பது பாதி வெற்றியே. அது எந்த இடத்தில், எந்த மட்டத்தில், எத்தனை திசைகளில் பிறந்தது என்பதே மறுபாதி.

பதியத்தின் தத்துவம் எளிது. வேர் உறிஞ்சும் நீர் கட்டையின் வழியே மேலேறுகிறது. இலைகள் சமைக்கும் உணவு பட்டையின் வழியே கீழிறங்குகிறது. கிளையைச் சுற்றி ஒரு வளையம் பட்டையை உரித்துவிட்டால், நீரின் வழி அடைபடாததால் இலைகள் வாடுவதில்லை. உணவின் வழி அடைபட்டதால், சர்க்கரையும், இலையரும்புகளில் ஊறி இறங்கும் வளர்ச்சித் தூண்டியும், வளையத்தின் மேல் விளிம்பில் வந்து தேங்குகின்றன. அங்கே ரணம் ஆறத் தடித்த திசு திரள்கிறது; ஈரமும் இருளும் கிடைத்தால் அதையொட்டி வேர்கள் புறப்படுகின்றன. வேர் விடுவதைத் தூண்டும் இண்டோல் பியூட்டிரிக் அமிலத்தின் ஆற்றலை விஞ்ஞானிகள் வெளியிட்டது 1935இல்தான். சீனத்துத் தோட்டக்காரர்களோ அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, காரணத்தை அறியாமலே காரியத்தைக் கைவசப்படுத்தியிருந்தார்கள். இந்தத் தத்துவத்திலிருந்து நீ பெற வேண்டிய பாடம் ஒன்றே: வேர் வளையத்தின் மேல் விளிம்பில்தான் பிறக்கும், ஆகையால் அந்த விளிம்பை எங்கே கீறுகிறாயோ, அதுவே நாளைய மரத்தின் பாதம்.

கத்தியை எடுப்பதற்கு முன் செலவிடும் நேரமே இந்த வேலையில் அதிகப் பயனுள்ள நேரம். தாய்மரத்தை எல்லாப் பக்கமும் சுற்றி வந்து, நல்ல வளைவும், மேலே செல்லச் செல்ல மெலியும் போக்கும் உடைய கிளையையோ உச்சியையோ தேர்ந்தெடு. அது தனிமரமானபின் எந்தச் சாய்வில் நிற்கப் போகிறது என்பதை மனத்தில் நிச்சயித்துக்கொண்டு, அந்நிலையில் தரை எந்த மட்டத்தில் அமையுமோ அந்த மட்டத்தில் வளையத்தை எடு. படுக்கையாக வளர்ந்த கிளையில் குறுக்கே நேராக வெட்டிவிட்டுப் பின்னர் மரத்தைச் சாய்த்து நட்டால், ஒருபுறத்து வேர் மண்ணுக்கு மேலும் மறுபுறத்து வேர் மண்ணுக்குள் ஆழத்திலுமாகப் போய்விடும். இரட்டை மரம் வேண்டுமென்றால் கவைக்குச் சற்றே கீழே வெட்டு. கவைக்கும் வேருக்கும் இடையில் நீளம் விட்டாயானால் அது இரட்டை மரமாகாது, கவைக்கோலாக நிற்கும்.

பருவத்தைப் பொறுத்தவரை, வசந்தத்து இலைகள் விரிந்து முற்றியபின், நீ இருக்கும் கான்டோ சமவெளியில் மே மாதக் கடைசியோ ஜூனோ உகந்தது. வளையத்தின் அகலம் கிளையின் தடிமனைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருக்கட்டும். பட்டையை உரித்தவுடன் வேலை முடிந்ததென்று எண்ணிவிடாதே. கட்டையின் மேல் வழுவழுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும் கேம்பியம் என்னும் மெல்லிய படலத்தைக் கத்தி முதுகால் சுரண்டி நீக்க வேண்டும். அதில் ஒரு கீற்று மிஞ்சினாலும், மேப்பிளுக்கு இயல்பாகவே இருக்கும் ஆற்றும் சக்தி அதைப் பற்றிக்கொண்டு பாலம் கட்டிவிடும்; உணவு பழையபடி கீழே இறங்கத் தொடங்கும்; வேர் பிறக்க வேண்டிய நிர்ப்பந்தமே மரத்துக்கு இராது. மேல் விளிம்பில் வேர்த்தூண்டிப் பொடியைத் தடவி, ஊறவைத்துப் பிழிந்த ஸ்பேக்னம் பாசியை இறுக்கமாகப் பொதிந்து, பிளாஸ்டிக் தாளால் சுற்றி, மேலும் கீழும் கட்டி, வெயில் படாதபடி கறுப்புத் துணியால் மூடு. தடித்த அடிமரமானால், பிளந்த பிளாஸ்டிக் தொட்டியொன்றை அதைச் சுற்றிப் பொருத்திப் பாசியும் அகதாமா மண்ணும் நிரப்புவது, நீர் விடுவதற்கும் சோதித்துப் பார்ப்பதற்கும் வசதி.

அதன்பின் பொறுமை. இரண்டு மூன்று மாதங்களில் பிளாஸ்டிக்குக்குள் வெள்ளை வேர்கள் தென்படும். தென்பட்டதும் அறுத்துவிடத் தோன்றும்; அறுக்காதே. அவை பழுப்பேறிக் கிளைவிட்டுப் பாசியை நிரப்பும்வரை, மேலுள்ள இலைகளுக்கெல்லாம் நீர் கொடுக்கும் வல்லமை அவற்றுக்கு இல்லை. செப்டம்பரில் வேர் நிறைந்திருந்தால் அப்போது பிரி. இல்லையேல் குளிர்காலத்தில் பதியத்தை உறைபனியிலிருந்து காத்து, மார்ச்சில் மொட்டு நெகிழும் சமயத்தில் பிரி. பிரித்த உடனே பாசியைக் கோதி எடுத்து வேரை ஒழுங்குபடுத்த ஆசைப்படுவதும் தவறு. இளவேர்கள் கண்ணாடிபோல் முறியும். பாசியோடு நட்டு, காற்றில் ஆடாதபடி தொட்டியோடு சேர்த்துக் கட்டிவிடு. அடுத்த வசந்தத்தில் பாசியை நிதானமாக நீக்கி, கீழ்நோக்கி ஓடும் வேர்களையும் குறுக்கே பின்னும் வேர்களையும் கழித்து, மீந்தவற்றை ஒரு தட்டையான பலகையின் மேல் கதிர்போல் விரித்து நடு. பார்வையாளர் ஒரு நாள் வியக்கப்போகும் வேரடி அந்த அரைமணி நேரத்தில்தான் உருவாகிறது.

இனிப் போத்து. மழைக்கால ஜூனில், அவ்வாண்டுத் தளிர் பச்சை மாறி அடியில் சற்றே முற்றத் தொடங்கும்போது, இரண்டு கணுக்கள் உள்ள துண்டுகளாக நறுக்கி, சிறிது நேரம் நீரில் நிறுத்து. கீழ்க் கணுவின் இலைகளை நீக்கி, மேலிலைகளைப் பாதியாகக் கத்தரித்துவிடு. வேரில்லாத துண்டு முழு இலைகளின் தாகத்தைத் தீர்க்காது. அடியைச் சாய்வாக வெட்டாமல், கணுவுக்குச் சற்றுக் கீழே கூரிய கத்தியால் நேர்மட்டமாக வெட்டு. சாய்ந்த வெட்டில் வேர்கள் தாழ்ந்த முனையிலேயே கூடிவிடுவது வழக்கம். அகாகி எரிமலை முன்னொரு காலத்தில் கக்கிய நுரைக்கல்லான கனுமா மண், உரமில்லாததாலும், ஈரத்தையும் காற்றையும் ஒருங்கே வைத்திருப்பதாலும், போத்துக்கு மிகவும் ஏற்றது. போத்தின் அடியில் வேர்த்தூண்டிப் பொடியைத் தடவி, குச்சியால் துளையிட்டு அதில் வை. நேரே குத்தினால் வேர்த்தூண்டி உரசிப் போய்விடும். நிழலிலும், காற்றடிக்காத இடத்திலும், ஈரப்பதம் குறையாமல் வைத்தால் ஓரிரு மாதங்களில் வேர் விடும்.

பலர் ஏமாறுவது இதற்குப் பிறகுதான். ஆகஸ்டில் செழிப்பாக வேர் விட்டிருந்த யமமோமிஜிப் போத்துகள் மறுவசந்தத்தில் மொட்டவிழாமலே மாண்டுபோவது சகஜம். வேர் விடுவதற்கே கையிருப்பைச் செலவழித்துவிட்ட அவ்விளஞ்செடிகளுக்கு, குளிர்காலத்தைக் கடந்து மீண்டும் துளிர்ப்பதற்கு வேண்டிய மாவுச்சத்தைச் சேமிக்க அவகாசமில்லாமல் போவதே காரணம். ஆகையால் பருவத்தின் தொடக்கத்திலேயே போத்தை எடு. வேர் பிடித்தபின் இலைகள் உழைக்கும்படி வெளிச்சத்தைப் படிப்படியாகக் கூட்டு. இலையுதிர்காலத்தில் தொட்டி மாற்றாதே. உறைபனி தாக்காத இடத்தில் குளிரைக் கழிக்கவிட்டு, மறுவசந்தத்தில் புதுத்தளிர் விரிந்தபின்னரே தனித்தனியாகப் பிரி.

சீனத்திலிருந்து 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜப்பானுக்கு வந்த மூவிதழ் மேப்பிளுக்கு, தோகயேதே என்று உன் தோட்டத்தில் சொல்கிறார்களே அதற்கு, இவ்வளவு சிசுருஷை வேண்டியதில்லை. மொட்டு விரியுமுன் எடுத்த முற்றிய குச்சிகூட வேர் பிடித்துவிடும். முதலில் கைப்பழக்கம் அதில் வரட்டும். பிறகு தெஷோஜோவைத் தொடு.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். பத்தாண்டு வளர்ந்த ஒரு கிளையைப் பதியம் ஒரே கோடையில் தனிமரமாக்கித் தருகிறது. ஆனால் ஒன்றையே தருகிறது, அதன் வடிவமும் முன்பே பாதி முடிந்துபோனது. போத்தோ பல மரங்களைத் தருகிறது, வயதைத் தருவதில்லை, அதற்குப் பதிலாக, முதல் அங்குலத்திலிருந்தே உன் விருப்பப்படி வளைக்கவும் வேரை விரிக்கவும் உரிமை தருகிறது. காலத்தைக் கடனாக வாங்க விரும்புகிறவன் பதியம் போடட்டும்; காலத்தைக் கொடுக்க முடிந்தவன் போத்து நடட்டும். உன் வயதில் உள்ளவன் இரண்டையும் செய்ய வேண்டும் என்பதே என் தீர்ப்பு. நாற்பது வயதில் நீ சபையில் வைக்கத்தக்க மரம் இன்று போடும் பதியத்திலிருந்தும், அறுபதில் வைக்கத்தக்க மரம் இன்று நடும் போத்திலிருந்தும் வர வேண்டும்.

தாய்மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எப்படியும் வெட்டியெறிய வேண்டிய கிளையில் பதியம் போடுவது தர்மம். தாயின் உருவத்தைக் கெடுத்துப் பதியம் எடுப்பது பேராசை. வளையத்துக்குக் கீழே உள்ள பகுதிக்கு அந்தக் கிளையின் உணவு அவ்வாண்டு முழுதும் கிட்டாது. ஆதலால் கீழே வேறு கிளைகள் இலைகளோடு இருக்கின்றனவா என்று பார்த்தே கத்தி வை.

கம்பி சுற்றும் நாள் தானாக வரும். அதுவரை, வருகிற ஜூனில் உன் ஆசானின் அனுமதியோடு ஒரு பதியம் கட்டு. ஒரு தட்டு நிறையப் போத்து நடு. ஒவ்வொன்றிலும் தாய்மரத்தின் பெயரையும் தேதியையும் எழுதிச் செருகு. வசந்தத்தில் எத்தனை பிழைத்தன, எவை ஏன் போயின என்பதை ஒளிக்காமல் எனக்கு எழுது.

ஆசிகளுடன்,
உன் மூத்தோன்