பேச்சு வராத பிள்ளையும் பழி சுமக்கும் தாயும்



நம் பிள்ளை மடுவங்களில் சில பிள்ளைகளைக் காண்கிறோம். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது. ஒன்றரை வயதாகியும் "அந்தா நாய்" என்பது போல விரல் நீட்டிக் காட்டாது. மற்றப் பிள்ளைகளோடு சேராமல் ஒரு போத்தல் மூடியையே சுழற்றிக்கொண்டிருக்கும். பெக்டரி சங்கு ஊதினால் காதைப் பொத்தி அலறும். சில பிள்ளைகளுக்கு வந்த பேச்சும் நின்றுபோகும். இவை ஓட்டிசத்தின் அடையாளங்களாக இருக்கலாம்.

லயத்தில் உடனே என்ன சொல்கிறார்கள்? "தாய்க்காரி விடிஞ்சா மலைக்குப் போயிர்றா. கொஞ்சினாத்தானே புள்ள பேசும்!"

இது தவறு. ஒரு காலத்தில் மேல்நாட்டு வைத்தியர்களே இப்படித் தாயைக் குற்றம் சொன்னார்கள். அது பிழை என்று 1964இல் பேர்னார்ட் ரிம்லாண்ட் புத்தகம் எழுதினார். அவரும் அப்படியொரு பிள்ளையின் தகப்பன்தான். ஓட்டிசம் என்பது மூளை வளரும் விதத்தில் உள்ள வித்தியாசம். தாய் கொழுந்தெடுக்கப் போனதால் வராது. தடுப்பூசியாலும் வராது, கிரகணத்தாலும் வராது. 2009இல் வெளியான இலங்கை ஆய்வொன்றில், ஒன்றரை முதல் இரண்டு வயதுப் பிள்ளைகளில் சுமார் 93 பேருக்கு ஒருவரிடம் இது காணப்பட்டது. நம் வீட்டில் மட்டும் நடந்த காரியமல்ல.

இதை இல்லாமல் ஆக்க மருந்தில்லை. ஆனால் சிறு வயதிலேயே பழக்கினால் பிள்ளை முன்னேறும். நாம் செய்யக்கூடியவை:

1. பிள்ளையின் முகத்துக்கு நேரே குந்தி, பிஸ்கட்டைக் காட்டி, "பிஸ்கட்" என்று ஒரே சொல்லைச் சொல்லுங்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள். பார்த்தாலும் கை நீட்டினாலும் உடனே கொடுங்கள். "சொன்னாத்தான் தருவேன்" என்று அழவைக்க வேண்டாம்.

2. பிள்ளை மூடியைச் சுழற்றினால் பிடுங்காதீர்கள். பக்கத்தில் இருந்து நீங்களும் ஒன்றைச் சுழற்றுங்கள். அங்கேதான் சேர்ந்து விளையாடும் பழக்கம் தொடங்கும்.

3. மடுவத்துக்குப் புறப்படுமுன் தினமும் அதே பையைக் காட்டுங்கள். அடுத்து என்ன என்று தெரிந்தால் பிள்ளை அடங்கும்.

4. சங்குக்கும் திருவிழாத் தப்புக்கும் பயந்தால் அடிக்காமல் உள்ளே கூட்டிப் போங்கள்.

5. வீட்டில் சொல்லும் சொல்லையே மடுவத்து ஆயாவிடமும் சொல்லிவையுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி நடந்தால் சீக்கிரம் பழகும்.

6. இப்பிள்ளைகள் சொல்லாமல் நடந்துவிடும். பீலிப் பக்கமும் ரோட்டுப் பக்கமும் ஒரு கண் இருக்கட்டும்.

தகப்பன்மாருக்கு ஒரு வார்த்தை. பகல் முழுதும் மலை, இரவில் தூங்காத பிள்ளை என்றால் எந்த உடம்பு தாங்கும்? வேலை விட்டு வந்து அரை மணித்தியாலம் பிள்ளையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். தாய் சற்றுப் படுக்கட்டும். அதுவும் பிள்ளைக்குச் செய்யும் வைத்தியம்தான்.

"ஆம்பிளப் புள்ள சுணங்கித்தான் பேசும்" என்று காத்திருக்க வேண்டாம். அடுத்த கிளினிக்கில் மருத்துவிச்சி அம்மாவிடம் கார்டைக் காட்டிச் சொல்லுங்கள். முதலில் காது கேட்கிறதா என்று சோதிக்கக் கேளுங்கள். பெரியாஸ்பத்திரியின் பிள்ளை வைத்தியரிடம் போகத் துண்டு வாங்குங்கள். இப்படியான பிள்ளை பக்கத்துக் காம்பராவில் இருந்தால், நாமும் பழி சொல்லாமல் அந்தத் தாயோடு கிளினிக்குக்குத் துணையாகப் போவோம்.